ஒளியும் மனையும்: கொழும்புத் தமிழ்க் குடும்பத்தின் பருவங்களும் உளநிலையும்

மழை தொடங்கிவிட்டால் அம்மாவோடு கதைக்க இயலாது என்று வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பல வீடுகளிற் பிள்ளைகள் சொல்லக் கேட்டிருக்கின்றோம். வைகாசியின் இருண்ட பகல்களில் வீட்டிலே பேச்சுக் குறைவதும், சிறு விடயங்களிற் சினம் மூள்வதும், தை பிறந்து வானம் வெளித்ததும் அதே வீடு கலகலப்படைவதும் எமது அனுபவத்திற்குப் புறம்பானவையல்ல. இவ்வனுபவத்திற்கு அண்மைக்காலத்தில் ஒரு மருத்துவப் பெயரும் கிடைத்துள்ளது. பருவகால மனச்சோர்வு என்னும் அப்பெயர் நாளிதழ்களின் மருத்துவப் பக்கங்கள் வழியாகவும், புலம்பெயர்ந்த உறவினரின் தொலைபேசிப் பேச்சு வழியாகவும் எம்மிடையே புழங்கத் தொடங்கியுள்ளது. குளிர்நாடுகளிலே தோன்றிய இக்கருத்து, புவிமத்திய கோட்டிலிருந்து ஏழு பாகைக்கும் குறைந்த தொலைவிலுள்ள ஒரு கடற்கரை நகரத்திற்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படும் வினா. வினா மருத்துவஞ் சார்ந்ததாகத் தோன்றினும் விடை மருத்துவத்துள் மட்டும் அடங்குவதில்லை என்பதை முன்கூட்டியே கூறிவிடலாம்.

முதலிற் கருத்தின் பிறப்பை நோக்குவோம். தென்னாபிரிக்காவிலிருந்து ஐக்கிய அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த நோர்மன் றோசன்தால் என்னும் மருத்துவர், அங்குள்ள குளிர்காலத்திலே தமது ஊக்கம் குன்றுவதையும் வேனில் வந்ததும் அது மீள்வதையும் தம்மிடமே அவதானித்தவர். அவரும் அவருடன் பணியாற்றியோரும் 1984ஆம் ஆண்டில் 29 நோயாளரைப் பற்றிய ஆய்வொன்றை வெளியிட்டனர். ஆண்டுதோறும் பகல் குறுகுங் காலத்தில் மிகையுறக்கம், மிகையுணவு, சோர்வு, மனிதரை விட்டு விலகுதல் ஆகியன அந்நோயாளரிடத்துத் தோன்றின; வலிய செயற்கை ஒளியை அவர்முன் வைத்தபோது அவை தணிந்தன. இதற்கு நான்கு ஆண்டுகள் முன்னர் அல்பிரெட் லூயி என்பவர், 2,500 லக்ஸ் அளவுள்ள ஒளி மனிதரின் குருதியில் மெலற்றோனின் என்னும் ஓமோனின் அளவைக் குறைக்கின்றது என்றும், வீட்டு விளக்கொத்த 500 லக்ஸ் ஒளி அவ்வாறு செய்வதில்லை என்றும் காட்டியிருந்தார். இருளின்போது கூம்புச் சுரப்பியிலிருந்து சுரந்து உடலுக்கு இரவை அறிவிப்பது மெலற்றோனின் ஆகும். பின்னர் 2002ஆம் ஆண்டில் இரண்டு செய்திகள் இவற்றோடு சேர்ந்தன. பார்வைக்கெனவன்றி ஒளியின் அளவை மூளைக்குத் தெரிவிப்பதற்கெனவே விழித்திரையில் ஒருவகை நரம்புக்கலங்கள் உள்ளமையை டேவிட் பேர்சனும் அவரது குழுவினரும் எடுத்துக்காட்டினர். மெல்பேணில் 101 ஆடவரின் கழுத்து நாளக் குருதியைச் சோதித்தோர், மூளையிலே செரற்றோனின் உற்பத்தி குளிர்காலத்தில் மிகக் குறைவு என்றும், அன்றன்றைய வெயில் நேரத்தோடு அது கூடிக் குறைகின்றது என்றும் கண்டனர்.

ஆகவே ஒளிக்கும் உளத்திற்கும் உள்ள தொடர்பு வெறுங் கற்பனையன்று. உடலில் அதற்கு வழியுண்டு. ஆயினும் அவ்வழி எல்லா நாட்டிலும் ஒரேவிதமாகத் திறந்திருக்கும் என எடுத்துக்கொள்ளலாகாது.

கொழும்பின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஐம்பது நிமிடத்துக்கும் சற்றுக் குறைவாகும். யூனில் ஏறத்தாழ பன்னிரண்டரை மணித்தியாலம். டிசெம்பரில் பதினொன்றே முக்கால். ஒஸ்லோவிலோ டிசெம்பர்ப் பகல் ஆறு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். கொழும்பின் மாதச் சராசரி வெப்பநிலையும் ஆண்டு முழுவதும் இரண்டு மூன்று பாகைக்குள்ளேயே ஏறி இறங்குகின்றது. முகில் மூடிய பகலிலுங்கூட எமது வெளிமுற்றத்தில் நிலவும் ஒளி பெரும்பாலும் 10,000 லக்ஸ் அளவை எட்டும். வடநாட்டு மருத்துவர் காலையில் அரைமணி நேரம் விளக்குப் பெட்டிமுன் இருத்தி நோயாளருக்கு அளிக்கும் ஒளியின் அளவும் அதுவே. இக்கணக்கின்படி பார்த்தாற் கொழும்பிலே ஒளிப் பஞ்சத்தாற் சோர்வு வருதல் கூடாது. கணக்குச் சரியானது, ஆனால் அது முற்றத்தில் நிற்பவருக்கு உரிய கணக்கு.

இவ்விடத்து எமது இலக்கண மரபிலுள்ள ஒரு செய்தி நினைவுக்கு வருகின்றது. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளெனக் கொண்ட தொல்காப்பியம், முல்லைக்குக் காரும் மாலையும், குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும் யாமமும், பாலைக்கு வேனிலும் நண்பகலும் எனப் பொழுது வகுத்தபோது, மருதத்திற்கும் நெய்தலுக்கும் பெரும்பொழுது எதனையுங் கூறவில்லை. மருதத்திற்கு வைகறை விடியலையும் நெய்தலுக்கு எற்பாட்டையும் மட்டுமே சுட்டி நிறுத்திவிட்டது. ஆறு பெரும்பொழுதும் அவற்றுக்கு உரியன என்பது உரையாசிரியர் கொண்ட முடிபு. திணைக் கோட்பாட்டைச் சமூக, பொருளாதார அடிப்படையில் விளக்கிய கா. சிவத்தம்பி அவர்களின் 1974ஆம் ஆண்டுக் கட்டுரைக்குப் பின்னர், பொழுதுகளையுங்கூட வெறும் இயற்கை வருணனையாக அன்றி அந்நிலத்து மக்களின் தொழிலோடும் வாழ்வோடும் இணைத்து நோக்குவது எமக்கு வழக்கமாகிவிட்டது. வெள்ளவத்தை நெய்தல் நிலம். புகையிரதப் பாதைக்கு அப்பால் மேற்கே கடல். மாலையில் ஞாயிறு அதிலே வீழும். பருவத்தைவிடப் பொழுதே இந்நிலத்து வாழ்வில் ஓங்கி நிற்கின்றது என்பதற்கு, மாலை ஐந்து மணிக்குப் பின் மறீன் டிறைவில் காற்று வாங்க வந்து நிற்கும் கூட்டமே சான்று. பகலெல்லாம் அவ்வொளியைக் காணாதோர் அவர்களுட் பலர்.

பருவமே இல்லை என்று கூறவும் இயலாது. மார்ச், ஏப்ரில் மாதங்களின் முதலாவது இடைப்பருவப்பெயர்ச்சிக் காலம், மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேற் பருவப்பெயர்ச்சி, ஒக்ரோபர், நவம்பர் மாதங்களின் இரண்டாவது இடைப்பருவம், டிசெம்பர் முதல் பெப்ருவரி வரை வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி என வளிமண்டலவியல் திணைக்களம் ஆண்டை நான்காக வகுக்கின்றது. கொழும்பில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது; அதன் உச்சங்கள் இரண்டு, மே மாதத்தை ஒட்டியும் ஒக்ரோபர், நவம்பர் மாதங்களிலும். வெள்ளவத்தையின் தமிழ்க் குடும்பங்களிற் பெரும்பகுதி யாழ்ப்பாணத்தை வேராகக் கொண்டது. அங்கு மாரி என்றால் ஐப்பசி, கார்த்திகை. வைகாசியும் ஆனியும் சோளகக் காற்று வீசும் வறண்ட மாதங்கள். கொட்டாஞ்சேனையிலே வணிகத்தின் பொருட்டும் துறைமுக வேலையின் பொருட்டும் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கங்களிலிருந்து வந்து குடியேறியோரின் பழைய ஊர்களிலும் பெருமழை ஐப்பசிக்கே உரியது. மேல்கரை நகரத்தின் வைகாசி மழை இவ்விரு சாராரின் பருவ அறிவுக்கும் புறம்பானது. முதுமையில் வடக்கிலிருந்து பிள்ளைகளுடன் வந்து தங்கிய பெற்றோர், “இது என்ன காலமில்லாக் காலத்து மழை” என்று முப்பது ஆண்டுகளாகியும் சலித்துக்கொள்வதை நாம் கேட்டிருக்கின்றோம். உடல் கொழும்பிலும் பஞ்சாங்கம் ஊரிலுமாக வாழும் இந்நிலையும் உளநிலையின் ஒரு கூறே.

இனிச் சுவர்களுக்கு வருவோம். வெள்ளவத்தையிற் காலி வீதி கடற்கரைக்கு இணையாகத் தெற்கு வடக்காகச் செல்கின்றது. அதிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகள் கிழக்கு மேற்கானவை. ஆகவே அவ்வொழுங்கைகளின் இருமருங்குமுள்ள வீடுகள் வடக்கையோ தெற்கையோ முகமாகக் கொண்டவை. கொழும்பில் ஏப்ரில் முதல் வாரம் தொடக்கம் செப்ரெம்பர் முதல் வாரம் வரை நண்பகற் சூரியன் எமக்கு வடக்கே நிற்கின்றது. எஞ்சிய ஏழு மாதமும் தெற்கே. ஓட்டுக்கூரையும் விறாந்தையும் முற்றமும் கொண்ட பழைய வீடுகளில் இவ்வேறுபாடு பெரிதாகத் தோன்றியதில்லை, நாற்புறமும் வெளியிருந்தமையால். 1983க்குப் பின்னரும், வடக்கிலே போர் உக்கிரமடைந்த பின்னரும், இடம்பெயர்ந்தோரும் வெளிநாட்டுப் பயணத்தை எதிர்பார்த்துக் காத்திருந்தோரும் இங்கு வந்து நெருங்கினர். வெளிநாட்டுப் பணமும் வந்தது. பழைய வளவுகள் தொடர்மாடிகளாயின. ஒரு வீடிருந்த காணியிற் பத்து இருபது வீடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக எழுந்தன. அடுத்த காணியிலும் அவ்வாறே எழுந்தபோது, இரு கட்டடங்களுக்கிடையே எஞ்சிய இடைவெளி கைநீட்டித் தொடுமளவாயிற்று. அந்தப் பக்கத்து யன்னலில் ஆண்டு முழுவதும் ஒரே பருவந்தான். அடுத்த வீட்டுச் சுவரின் சாம்பல் நிறம். பகல் பதினொரு மணிக்கும் குழல் விளக்கின்கீழ் இயங்கும் அத்தகைய அறையின் ஒளி நூறு, நூற்றைம்பது லக்ஸைத் தாண்டாது. மேலே நாம் கண்ட 10,000 எங்கே, இது எங்கே! வெளியே கண்கூசும் வெயில் எறித்துக்கொண்டிருக்க, அதிலிருந்து நாற்பது அடி தொலைவில் உள்ள அறையொன்றிலே ஒருவர் ஒஸ்லோவின் டிசெம்பரை வாழ்கின்றார் எனலாம்.

கொட்டாஞ்சேனையின் நிலை இதனினும் கடிது. யம்பட்டா வீதிக்கும் புளூமெண்டாலுக்கும் இடைப்பட்ட பகுதிகளிலே தோட்டம் என வழங்கும் குடியிருப்புகளில் (மரமில்லாத தோட்டங்கள் இவை) முதுகோடு முதுகு ஒட்டிய வீடுகளுக்கு வாயிலே யன்னல். 2001ஆம் ஆண்டளவில் கொழும்பு மாநகரசபையும் செவனத நிறுவனமும் சேர்ந்து எடுத்த கணக்கின்படி நகரிலே இத்தகைய வசதிகுறைந்த குடியிருப்புகள் 1,614. அவற்றில் வாழ்ந்த குடும்பங்கள் 77,612. ஆக, எமது நகரில் ஒளி என்பது வானம் எல்லார்க்கும் பொதுவாக வழங்கும் பொருளாக இல்லை. காணி விலையும் வாடகையும் அதனைப் பங்கிடுகின்றன. கடல் நோக்கிய மேல்மாடி வீட்டுக்கும் அதே கட்டடத்தின் பின்பக்கத்து முதலாம் மாடி வீட்டுக்கும் உள்ள விலை வேறுபாட்டின் ஒரு பகுதி ஒளியின் விலையே.

வீட்டுக்குள் நுழைந்த ஒளி அங்கும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. காலை ஏழு மணிக்குப் பாடசாலைக்குச் செல்லும் பிள்ளையும், அலுவலகத்துக்கோ கடைக்கோ செல்லும் தந்தையும் நடந்தோ பேருந்துக்குக் காத்து நின்றோ காலை வெயிலை வேண்டாமலே பெற்றுக்கொள்கின்றனர். மனிதரின் உடற்கடிகாரத்தின் சுற்று இருபத்து நான்கு மணித்தியாலத்தினுஞ் சற்று நீண்டது. அதனை நாள்தோறும் பின்னிழுத்துச் சரிசெய்வது காலை ஒளி. அந்நேரத்திற் சமையலறையில் நிற்பவர் யார்? தொடர்மாடி வீடுகளிலே காற்றோட்டக் குழியை நோக்கிய மிக இருண்ட மூலை பெரும்பாலும் சமையலறைக்கே ஒதுக்கப்படுகின்றது, வரவேற்பறைக்குப் பலகணி. பலகணியில் விருந்தினர் வரும்போது மட்டுமே அமரும் பெண்கள் எத்தனையோ பேர். முழங்கால் நோவினால் மாடிப்படி இறங்க இயலாத பாட்டி, வாரத்துக்கொரு முறை கோயிலுக்கு அழைத்துச் செல்லப்படும்போது மட்டுமே வெயிலைக் காண்கின்றார்.

இதனோடு மழைக்காலத்து வேலைகளையும் சேர்த்து நோக்கவேண்டும். வைகாசி மழையில் உடுப்புக் காயாது. அறைகளுக்குள் கொடிகட்டி விரிக்க, இருந்த வெளிச்சமும் மறையும். பூஞ்சணம் பூத்த சுவர், சளிபிடித்த பிள்ளை, ஒழுங்கையில் வெள்ளம். மழைக்குப் பின்னால் டெங்கு வரும். 2017ஆம் ஆண்டில் நாட்டில் 186,101 பேர் அந்நோய்க்கு ஆளாகினர் என்று பதிவானது. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட வீட்டில் இரவிரவாக வெப்பமானியைப் பார்த்திருப்பவர் தாய். இத்தனைக்கும் பின்னர் அவரது சினத்தை “மழைக் குணம்” என்று பெயரிட்டு மற்றவர் சிரித்துக்கொள்கின்றனர். பருவம் ஒரு குடும்பத்தினுள் நுழைவது வேலைப்பங்கீட்டின் வாயிலாகவே என்று நாம் கருதுவதற்கு இதுவே காரணம். தனிமனிதரின் மூளையிரசாயனத்தை மட்டும் அளப்பவர்க்கு இந்த வாயில் தெரிவதில்லை.

காலை ஒளியைப் பற்றி இலங்கையர் அனைவரும் தம்மையறியாமலே உட்பட்ட பரிசோதனை ஒன்றும் உண்டு. 1996ஆம் ஆண்டின் வரட்சியால் நீர்மின் உற்பத்தி வீழ்ச்சியுற்றபோது, மே 25ஆந் திகதி அரசாங்கம் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளியது. ஒக்ரோபர் 26இல் அதில் அரைமணியைத் திருப்பியது. எஞ்சிய அரைமணி 2006 ஏப்ரில் 15 வரை நீடித்தது. ஆறு மணியளவில் உதிக்கும் சூரியன் 1996இன் நடுப்பகுதியிற் கடிகாரப்படி ஏழு மணியளவில் உதித்தது. அதன்பின் வந்த ஒவ்வொரு தை மாதத்திலும் உதயம் ஏழு மணியை நெருங்கியே நின்றது. பாடசாலை வானுக்காகப் பிள்ளையை இருளில் எழுப்பி, இருளிற் குளிப்பாட்டி, இருளில் வீதியோரம் நிறுத்திய தாய்மாரின் முறைப்பாடு அக்காலத்திற் பரவலாகக் கேட்டது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளிலோ பழைய நேரமே தொடர்ந்தது. ஒரு பாதி வன்னியிலும் மறுபாதி வெள்ளவத்தையிலுமாக வாழ்ந்த குடும்பங்களுக்குக் கடிகாரமும் இரண்டாயிற்று. இப்பத்தாண்டுக் காலத்தின் பிள்ளைகளுடைய உறக்கத்தையும் உளநிலையையும் எமது பல்கலைக்கழகத் துறைகள் உரியவேளையில் ஆராய்ந்திருப்பின் உலகுக்கு வேண்டிய ஓர் ஆய்வு எம்மிடமிருந்து சென்றிருக்கும்.

ஒளிப்பஞ்சத்தை அதன் முழுவடிவில் அறிந்த தமிழர் வேறிடத்தில் உள்ளனர். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நோர்வேயின் வடகோடியான பின்மார்க் மாவட்டத்தில், வார்தோ முதலிய மீன்பிடித் துறைகளின் தொழிற்சாலைகளில் மீன் வெட்டும் வேலைக்குச் சென்றோரிற் கணிசமானோர் ஈழத்தமிழர். அங்கே நவம்பர் இறுதி தொடக்கம் சனவரி நடுப்பகுதி வரையில் சூரியன் அடிவானத்துக்கு மேலே எழுவதில்லை. மே நடுப்பகுதிக்குப் பின்னர் இரண்டு மாதத்துக்கு மேல் மறைவதுமில்லை. வாடையையும் சோளகத்தையும் கொண்டு ஆண்டைக் கணித்தோர் அங்கே இரண்டு மாத இருளையும் இரண்டு மாதப் பகலையுங் கற்றுக்கொண்டனர். பின்னாளில் ஒஸ்லோவிலே குடிவரவாளரின் உயிர்ச்சத்து டி அளவை ஆராய்ந்தோர் தெரிந்துகொண்ட ஐந்து குழுவினருள் இலங்கையரும் ஒருவர். அக்குறைபாடு அங்குள்ள குடிவரவாளரிடத்துப் பரவலாக இருந்தது. (உயிர்ச்சத்து மாத்திரை உளச்சோர்வைத் தடுக்கும் என்பார் உளர். 2020இல் வெளியான, 18,353 பேரைக் கொண்ட அமெரிக்க ஆய்வு அவ்வாறு காணவில்லை.) ஒஸ்லோவிற் பிற்பகல் நான்கு மணிக்கு இருண்டபின் மகன் தொலைபேசியில் அழைக்கும்போது வெள்ளவத்தையில் இரவு எட்டரை. “அங்கும் இருட்டிப்போச்சோ” என்று தாய் கேட்கின்றார். அவன் குரலிலுள்ள சோர்வு அன்றிரவு இந்த வீட்டின் சோர்வாகவும் ஆகின்றது. கொழும்புத் தமிழ்க் குடும்பத்தின் பருவங்களைக் கணக்கிடுவோர் இவ்வடநாட்டு மார்கழியையும் சேர்த்தே கணக்கிடுதல் வேண்டும்.

இன்னொரு நாட்காட்டியும் உண்டு. 1983 யூலை 24ஆந் திகதி இரவு பொரளையிலே தொடங்கி மறுநாள் வெள்ளவத்தை உட்பட நகரின் பல பகுதிகளிலும் பரவிய வன்செயலை நேரிற் கண்ட முதியோர் இன்றும் எம்மிடையே உள்ளனர். யூலையின் கடைசி வாரத்தில் அவர்களுட் சிலர் பேச்சைக் குறைத்துக்கொள்வதை வீட்டார் அறிவர். யூலை கொழும்பின் இருண்ட மாதமன்று. மே மாத மழை தணிந்திருக்கும். 2007 யூன் 7ஆந் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை ஆகிய இடங்களின் விடுதிகளிலிருந்து 376 தமிழர் பேருந்துகளில் ஏற்றி நகரைவிட்டு அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர்நீதிமன்றம் அதனை இடைநிறுத்தியது. சுற்றிவளைப்புகள் நிகழ்ந்த ஆண்டுகளிலே விடியற்காலைக் கதவுத்தட்டலுக்குச் செவிகொடுத்து விழித்திருந்தோருக்கு வைகறை ஒளி ஆறுதலாக இருந்திராது. 2019 ஏப்ரில் 21, உயிர்த்த ஞாயிறு, கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலே குண்டு வெடித்தது நல்ல வெயிலுள்ள காலைப்பொழுதில். கொட்டாஞ்சேனையில் அவ்வாலயத்தின் மணியோசை கேட்கும் தொலைவில் வாழும் குடும்பங்களுக்கு வேனிலின் பொருள் அன்று மாறியது. ஆண்டுதோறும் ஒரே மாதத்தில் ஒருவருக்குச் சோர்வு வருகின்றது என்றதும் வானத்தை மட்டும் நோக்கும் மருத்துவம், எமது நகரிலே நோயாளரின் வரலாற்றைக் கேளாத மருத்துவமாகவே முடியும்.

மேல்நாட்டிலும் இக்கோட்பாடு ஐயத்துக்கு அப்பாற்பட்டதாக இல்லை. 2016இல் ஐக்கிய அமெரிக்காவிற் பெருந்தொகையான மக்களிடம் பெற்ற விடைகளை ஆராய்ந்தோர், உளச்சோர்வுக்கும் பருவத்துக்குமோ அகலாங்குக்குமோ தொடர்பு காணவில்லை என எழுதினர். கடுங்குளிர்கால இருளுள்ள ஐசுலாந்திலோ எதிர்பார்த்த அளவுக்கு இந்நோய் காணப்படவில்லை என்பது 1993 முதல் அறிந்ததே. அதுமட்டுமன்றி, கோடையிலே சோர்வுறும் நோயாளரை 1987இல் தோமஸ் வேர் முதலானோர் விவரித்துள்ளனர். உறக்கத்தைக் கெடுக்கும் எமது ஏப்ரில் மாதப் புழுக்க இரவுகளுக்கு அந்த விவரணம் கூடுதலாகப் பொருந்தலாம். 2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியிற் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு நீடித்தபோது, மின்விசிறி நின்ற அறைகளில் முழுக் குடும்பங்களும் உறக்கமிழந்தன. அவ்வேளையிற் பருவமும் அரசியலும் ஒரே வெக்கையாகவே உணரப்பட்டன.

இத்துறையிற் பெருவழக்காகப் பயன்படும் வினாக்கொத்து, உறக்கம், பசி, உடல்நிறை, ஊக்கம், மனநிலை, பிறரோடு பழகல் ஆகிய ஆறும் எம்மாதத்திற் கூடுகின்றன, எம்மாதத்திற் குறைகின்றன என்று தனியொருவரைக் கேட்கின்றது. அதனை அப்படியே தமிழாக்கி வெள்ளவத்தையிற் கொடுத்தாற் கிடைக்கும் விடைகள் அதிகம் பயன்தரா. முற்பகல் ஒன்பது மணிக்கு நீர் எங்கு நிற்கின்றீர், உமது யன்னல் எத்திசையை நோக்குகின்றது, அதற்கு எதிரே எத்தனை அடியிற் சுவர் உள்ளது, மழைநாளில் உமது வேலை கூடுகின்றதா குறைகின்றதா, குடும்பத்தில் எவர் எந்நாட்டில் உள்ளார் என்பனவும் அதிலே சேரவேண்டும். அவ்வினாக்களைப் பெண்களிடம் வீட்டார் சூழ்ந்திராத வேளையிற் கேட்கவேண்டும் என்பதையும் சொல்லத் தேவையில்லை.

நாம் அறிந்த ஒரு வீடு, காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில், நான்காம் மாடியில் உள்ளது. அதன் சமையலறை வடக்கை நோக்கியது. ஆண்டின் பெரும்பகுதி அங்கு நேர்வெயில் விழாது. மே முதல் யூலை வரை, மழைக்கிடையே வானம் வெளிக்கும் காலைகளில், ஒன்பது மணியளவிற் சாய்ந்த கதிர் அந்த யன்னலால் நுழையும். வீட்டுத்தலைவி அந்நாட்களில் அரிசி புடைப்பதையும் கீரை ஆய்வதையும் அங்கே ஒரு சிறு முக்காலியிட்டுச் செய்வார். அக்காலத்தில் அவர் பாடிக்கொண்டு வேலை செய்வார் என்று மகள் எம்மிடம் கூறினார். வடக்கேயுள்ள காணியில் ஒன்பது மாடிக் கட்டடம் எழுந்தபின் முக்காலி பலகணிக்கு மாறியது. அங்கே மாலையில் மட்டுமே வெயில், அந்நேரத்தில் அவருக்கு இரவுச் சமையல்.